சமைக்கக் கற்றுக்கொடுப்பதும் ஸதகாதான்

குளத்தூர் ஜுமுஆ பயான்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஅது.

 

நம் பள்ளிவாசலின் பின்புறம் கஞ்சிக் கொட்டகை இருக்கிறது. ரமழான் முப்பது நாளும் அங்கே அடுப்பு அணையாது. அஸருக்கு முன்பே ஊர்ப் பிள்ளைகள் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அதில் பாதிப் பிள்ளைகள் நம் ஜமாஅத்துப் பிள்ளைகள் அல்ல. யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் ஊற்றுகிறோம். அல்ஹம்துலில்லாஹ். பெருநாள் முடிந்ததும் தேக்சாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பூட்டிவிடுகிறோம். சாவி மோதினாரிடம் போய்விடும். அடுத்த ரமழான் வரை, பதினோரு மாதம், அந்தக் கொட்டகையில் எலிதான் குடியிருக்கிறது. இன்றைக்கு அந்தப் பூட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வாசலில் நின்ற ஒரு சகோதரி

சில நாட்களுக்கு முன் ஒரு சகோதரி என் வீட்டு வாசலுக்கு வந்தார். யார், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன், நீங்களும் கண்டுபிடிக்க முயற்சி செய்யக் கூடாது. கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். பைத்துல்மாலிலிருந்து அவர் வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் போகிறது. அவர் என் மனைவியிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அக்கா, ஹஜ்ரத்துகிட்ட சொல்லுங்க. அரிசி ரேஷன்லயே கிடைச்சிருது. நீங்க குடுக்கிறதுக்கு அல்லாஹ் உங்களுக்கு நன்மை தரட்டும். ஆனா எனக்கு வேண்டியது வேலை. நான் நல்லா சமைப்பேன். கல்யாண வீட்டுல என்னைய வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும்தான் கூப்பிடுதாங்க. அஞ்சு பேருக்கு ஆக்கத் தெரியும், அஞ்நூறு பேருக்கு அளவு தெரியாது. அது தெரிஞ்சா நானே ஆர்டர் எடுப்பேன். இல்லாட்டி பிள்ளைய பத்தாவதோட நிறுத்தி தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல ஏத்திவிடத்தான் போறேன்."

நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "சபூர் செய்யுங்கம்மா, துஆ செய்றேன்" என்றேன். அவர் சரி என்று போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரபிக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன் நான். அபூதாவூதில் ஒரு ஹதீஸை உஸ்தாத் இரண்டு நாள் விளக்கிச் சொன்னார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த ஹதீஸ் என் வாசலில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கோடரிக்குப் பிடி போட்டுக் கொடுத்த கை

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் அது. அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். உன் வீட்டில் எதுவும் இல்லையா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஒரு விரிப்பு இருக்கிறது, பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்கிறோம், தண்ணீர் குடிக்க ஒரு மரக்கோப்பை இருக்கிறது என்றார். இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, தங்கள் கையில் வாங்கி, சபையில் ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். யார் கூடுதலாகத் தருவீர்கள் என்று இரண்டு மூன்று முறை கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார்.

அந்த இரண்டு திர்ஹத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கி வீட்டுக்குக் கொடு என்றார்கள். இன்னொன்றுக்குக் கோடரி வாங்கி என்னிடம் கொண்டு வா என்றார்கள். அவர் வாங்கி வந்ததும் அதற்குத் தங்கள் கரத்தாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். போய் விறகு வெட்டி விற்றுக்கொள், பதினைந்து நாட்களுக்கு உன்னைப் பார்க்கக் கூடாது என்று அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார். துணியும் உணவும் வாங்கியிருந்தார்.

முதல் திர்ஹம் உணவுக்கு என்பதைக் கவனியுங்கள். பசித்தவனிடம் முதலில் போய்த் தொழில் கற்றுக்கொள் என்று நபியவர்கள் சொல்லவில்லை. வயிறும் தொழிலும் இரண்டும் வேண்டும். நம் பைத்துல்மால் முதல் திர்ஹத்தைக் கொடுக்கிறது. இரண்டாவது திர்ஹத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை. பிடி போடுவது என்பதைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை. அந்தச் சகோதரி கோடரியைத் தன் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். அவருக்குச் சமைக்கத் தெரியும். ஐந்நூறு பேருக்கு எத்தனை படி, எவ்வளவு உப்பு, எந்த நேரத்தில் தம் போடுவது என்கிற பிடிதான் இல்லை. அதைப் போட்டுக் கொடுக்காமல் நான் துஆவை மட்டும் கொடுத்து அனுப்பினேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

உணவளிப்பதும், உணவளிக்கத் தூண்டுவதும்

சூரத்துல் மாஊனை நம் மக்தப் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாக ஓதுவார்கள். அதில் தீர்ப்பு நாளைப் பொய்யாக்குகிறவனுக்கு அல்லாஹ் சொல்லும் அடையாளங்களைப் பாருங்கள். அநாதையை விரட்டுவது ஒன்று. மிஸ்கீனுக்கு உணவளிக்கும்படி பிறரைத் தூண்டாமல் இருப்பது இன்னொன்று. உணவு கொடுக்காததை மட்டும் அல்லாஹ் குற்றமாக்கவில்லை, தூண்டாமல் இருப்பதையும் குற்றமாக்குகிறான். தூண்டுவது என்றால் மிம்பரில் நின்று பேசுவது மட்டுமா? ஏழை தானே தன் அடுப்பை எரித்துக்கொள்ள வழி செய்வதும் அதில் சேரும் என்றுதான் நான் விளங்குகிறேன்.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். ஊழியர் அஸ்லமோடு இரவில் மதீனாவுக்கு வெளியே போகும்போது, ஒரு பெண் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அழும் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பார்க்கிறாள். உமர் (ரலி) ஓடிப்போய் மாவு மூட்டையையும் கொழுப்பையும் தன் முதுகில் சுமந்து வந்தார்கள். நான் சுமக்கிறேன் என்ற அஸ்லமிடம், மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயா என்று கேட்டார்கள். இதுவரைக்கும் எல்லோரும் பயானில் சொல்கிறோம். அதற்கடுத்து நடந்ததை வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் போகவில்லை. நீ மாவைப் போடு, நான் கிளறுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்கள். குனிந்து அடுப்பை ஊதினார்கள். தாடிக்கிடையே புகை வருவதை அஸ்லம் பார்த்தார்கள். வெந்ததும் இறக்கி, தட்டில் ஊற்றிக் கொடுத்து, பிள்ளைகள் வயிறு நிறையும் வரை கூடவே இருந்தார்கள். பாரசீகத்தையும் ரோமையும் கலங்க வைத்த கலீஃபாவுக்குக் கிளறத் தெரிந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கரிசல் மண்ணில் எரிந்த அடுப்பு

சகோதரர்களே, ஊரே சேர்ந்து ஏழைப் பிள்ளைக்குச் சமைப்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. பெருந்தலைவர் காமராஜர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எங்கே? இங்கே இருக்கிற எட்டயபுரத்தில். அப்போது கல்வித் துறையின் இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளையைச் சோறு போட்டு வரவைக்கலாம் என்பது அந்தத் திட்டம். ஊர் மக்கள் தந்த தானியமும் விறகும் காய்கறியும்தான் பல இடங்களில் அந்த அடுப்பை எரித்தன. பிறகு 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

அந்தக் காலை உணவைச் சமைப்பவர்கள் யார்? ஹோட்டல் மாஸ்டர்கள் அல்ல, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். நம் தெருவில் நாம் பார்க்கிற பெண்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அளவு, சுத்தம், நேரம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் மணியடிப்பதற்கு முன் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். சாதாரண வீட்டுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமைப்பாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. 2023 செப்டம்பரில், எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில், சமைக்கிற பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சர் கீதா ஜீவனும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் போய் அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதைக் கேட்டதும், நம்மிடம் இதெல்லாம் இல்லை, ஒரே சஹனில் சாப்பிடுகிற சமுதாயம் நாம் என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம், ஆனால் கொஞ்சம் நிதானியுங்கள்.

நம் கல்யாண வீட்டில் பண்டாரி எங்கே சாப்பிடுகிறார்? விடிய விடிய அடுப்படியில் நின்றவர், எல்லோரும் எழுந்து போன பிறகு, கொட்டகை ஓரத்தில் அடிச்சோற்றைப் போட்டுச் சாப்பிடுகிறார். வெங்காயம் உரித்த பெண்கள் சட்டியில் மிச்சம் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் என்ன கற்றுக்கொடுத்தார்கள்? உங்கள் பணியாளர் உணவைக் கொண்டுவந்தால் அவரைக் கூட உட்கார வையுங்கள், முடியாவிட்டால் ஒரு கவளம் இரண்டு கவளமாவது அவர் கையில் கொடுங்கள், ஏனென்றால் அதன் சூட்டைத் தாங்கிச் சமைத்தவர் அவர் என்றார்கள். புஹாரியில் இருக்கிற ஹதீஸ். அடுப்புச் சூட்டுக்கு மரியாதை கொடுக்கும் மார்க்கம் இது. அந்த மரியாதை நம் ஊரில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழைக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள்

சமையல் வகுப்பு என்றதும் ஒரு தவறான எண்ணம் வரும். பணக்காரர் ஏழைக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுப்பது என்று. அப்படி அல்ல. நூறு ரூபாயில் நாலு பேருக்கு மூன்று வேளை ஆக்குகிற கணக்கு நம் ஏழை வீட்டுத் தாய்க்குத் தெரியும், எனக்கும் உங்களுக்கும் தெரியாது. அவளிடம் குறைவாக இருப்பது நேரம், எரிபொருள், பாத்திரம், காசு. தீப்பெட்டி ஆபீஸிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் பொழுது சாய்ந்து வந்தவள் பரோட்டாப் பொட்டலம் வாங்கினால் அது சோம்பேறித்தனம் அல்ல, அசதி.

அதனால் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. நம் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டிமார்கள் இருக்கிறார்கள். கம்பை ஊறவைத்து, இடித்து, புடைத்து, கம்பஞ்சோறு ஆக்கத் தெரிந்தவர்கள். சோளச்சோறும் குதிரைவாலிச் சோறும் அவர்களுக்குப் பழக்கம். நம் கரிசலில் இவை விளைகின்றன. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நூறு வருடத்துக்கும் மேலாக இந்த மானாவாரிப் பயிர்களுக்காக உழைக்கிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்றே அறிவித்தது. பட்டணத்துக் கடைகளில் குதிரைவாலியைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். விளைகிற ஊரில் நம் பிள்ளைகளுக்கு அதை எப்படி வேகவைப்பது என்று தெரியவில்லை. அந்தப் பாட்டிமார்கள் மௌத்தானால் இந்த இல்மும் அவர்களோடு கபுருக்குப் போய்விடும்.

இது வெறும் பழைய ருசி பற்றிய பேச்சு அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று பேசுகிறோம், அது ரத்தம் இல்லாததாக இருக்கலாம். கம்பிலும் முருங்கைக்கீரையிலும் இரும்புச்சத்து இருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடலில் சேர்வது குறைந்துவிடும். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டால் சேர்வது கூடும். செலவில்லாத பாடம் இது, சொல்லித்தர ஆள்தான் வேண்டும். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு வழியாகவே நாம் அதைத் தாண்டிவிடுகிறோம். ஹலால் என்பதோடு தய்யிப் என்றும் அல்லாஹ் சூரத்துல் பகராவில் சேர்த்துச் சொல்கிறான். அறுத்தது யார் என்று நாம் சரியாகக் கேட்கிறோம். அது உடம்புக்கு நல்லதா என்றும் கேட்க வேண்டும்.

லண்டனில் ஒரு பள்ளிவாசல் சமையலறை

இது நடக்கிற காரியமா என்று சிலர் நினைக்கலாம். 2017 ஜூன் 14, ரமழான் மாதம். லண்டனில் கிரென்ஃபெல் என்கிற அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்தது. 72 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் ஹோட்டல் அறைகளில் தங்க வைக்கப்பட்டார்கள். அங்கே அடுப்பு இல்லை. தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் கையால் ஆக்கிப் போட வழியில்லை. அந்தப் பகுதியில் இருக்கிற அல் மனார் இஸ்லாமிய மையத்தின் சமையலறையை அந்தப் பெண்கள் பயன்படுத்தக் கேட்டார்கள். மையம் திறந்துவிட்டது.

பல நாட்டுப் பெண்கள் அங்கே சேர்ந்து சமைத்தார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குத் தன் ஊர் உணவைச் சொல்லிக் கொடுத்தாள். அதற்கு ஹுப் சமுதாய சமையலறை என்று பெயர் வைத்தார்கள். ஹுப் என்றால் அரபியில் அன்பு. காசு இல்லாததால் வாரம் இரண்டு நாள்தான் திறக்க முடிந்தது. 2018 செப்டம்பரில் அவர்களின் சமையல் குறிப்புகள் புத்தகமாக வந்தன. இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் அதற்கு முன்னுரை எழுதினார். அந்த வருமானத்தால் அடுப்பு கூடுதல் நாட்கள் எரிந்தது. எல்லாம் இழந்தவர்களுக்கு அந்தப் பள்ளிவாசல் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சமையலறைச் சாவியையும் கொடுத்தது. நம் கொட்டகைச் சாவி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேன்.

ஆண்களும் கற்க வேண்டும்

வகுப்பு பெண்களுக்கு மட்டும் அல்ல. நம் பையன்கள் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஒரு ரசம் வைக்கத் தெரியாமல் சம்பளத்தில் பாதியை ஹோட்டலில் கொடுத்து, வயிற்றையும் கெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, தங்கள் குடும்பத்தாரின் பணிவிடையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழப் புறப்படுவார்கள் என்று சொன்னார்கள். வீட்டு வேலை நபிக்குக் குறைவாகப் படவில்லை என்றால் நமக்கு எப்படிக் குறைவாகும்? ஃபாத்திமா (ரலி) அவர்களின் கை திருகை அரைத்துக் காய்த்துப்போயிருந்தது. நம் வீட்டில் எந்தக் கை காய்த்திருக்கிறது என்று இன்றைக்குப் போய்ப் பாருங்கள்.

என் மனைவிக்கு ஒருமுறை கடும் காய்ச்சல். ஒரு கஞ்சி வைக்க எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர்கள் நம் மார்க்கத்தவர்கள் அல்ல. அந்தத் தாய் உடனே நொய்க்கஞ்சி வைத்து, துவையலும் அரைத்துக் கொடுத்தார்கள். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டுக்கும் கொடு என்று நபியவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னதை அன்றைக்கு நான் வாங்குகிற இடத்தில் நின்று புரிந்துகொண்டேன்.

வந்த ஆட்சேபணைகள்

இதை நிர்வாகிகளிடம் பேசினேன். முடிவு ஆகவில்லை. சில ஆட்சேபணைகள் வந்தன. கேட்டவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் கேட்டார்கள். அதனால் சபையிலேயே பதில் சொல்கிறேன்.

முதலாவது, பெண்கள் பள்ளி வளாகத்துக்கு வருவது சரியா என்பது. கொட்டகைக்குத் தெருப் பக்கம் தனி வாசல் இருக்கிறது. பெண்கள் வகுப்பைப் பெண்களே நடத்துவார்கள். ஆண்கள் வகுப்பு வேறு நாள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள், நம் அன்னை, தோல் பதனிட்டுத் தங்கள் கையால் உழைத்து அந்த வருமானத்தை ஸதகா செய்தார்கள். நபியவர்களின் வபாத்துக்குப் பிறகு அன்னையரில் முதலில் அவர்களைப் போய்ச் சேர்ந்தவரும் அவர்கள்தான். கை நீளமானவர் முதலில் வந்து சேருவார் என்று நபியவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உழைத்துக் கொடுத்த கைதான் நீளமான கை என்று பிறகுதான் மற்ற அன்னையர் விளங்கினார்கள்.

இரண்டாவது, பிற மதத்துச் சகோதரிகளையும் சேர்ப்பதா என்பது. ரமழானில் கஞ்சி ஊற்றும்போது கேட்காத கேள்வியை இப்போது ஏன் கேட்க வேண்டும்? அந்தக் கஞ்சிக்கு அரசு ஆண்டுதோறும் தருகிற பச்சரிசி எல்லோருடைய வரிப்பணம்தானே?

மூன்றாவது, செலவு. ஜகாத் பணத்தை இதில் தொட வேண்டாம். அதற்கு உரிய எட்டு வகையினரை அல்லாஹ் குர்ஆனில் சொல்லிவிட்டான். ஸதகாவிலிருந்து செய்வோம். பாத்திரம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. கேஸும் மளிகையும்தான் செலவு. வகுப்பில் ஆக்கியதைக் கற்றவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எதுவும் வீணாகாது. இருவர் உணவு மூவருக்கும், மூவர் உணவு நால்வருக்கும் போதும் என்று சொன்ன நபியின் உம்மத் நாம்.

அகழ்ப் போரில் ஜாபிர் (ரலி) அவர்கள் வீட்டில் ஒரு ஸாஉ வாற்கோதுமையும் ஒரு ஆட்டுக்குட்டியும்தான் இருந்தன. அவர்கள் மனைவி அரைத்துச் சமைத்தார்கள். நபியவர்கள் ஆயிரம் பேரை அழைத்து வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அந்த அம்மையாரிடம், உன்னோடு சேர்ந்து ரொட்டி சுட இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டுக்கொள் என்று சொன்னார்கள். பரக்கத் அல்லாஹ்விடமிருந்து வந்தது. ஆனாலும் ஒருத்தி தனியாகக் கஷ்டப்படக் கூடாது என்று துணைக்கு ஒரு கையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு சொல்லில் நம் சமையல் வகுப்பு முழுவதும் இருக்கிறது.

என்ன செய்யப் போகிறோம்

ஞாயிற்றுக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் லீவு. லுஹர் முடிந்து அஸர் வரை வகுப்பு. ஒரு குழுவுக்குப் பதினைந்து பேர், பன்னிரண்டு வாரம். முதல் நாலு வாரம் பாட்டிமார்கள் கம்பும் குதிரைவாலியும் சொல்லித் தருவார்கள். சர்க்கரை, ரத்தசோகை உள்ளவர்களுக்கு என்ன சமைப்பது என்று கிராமச் செவிலியரை அழைத்துக் கேட்போம்.

அடுத்த நாலு வாரம் பெரிய அளவுச் சமையல். நம் பண்டாரி அண்ணனிடம் பேசினேன், ஒத்துக்கொண்டார். மகளும் தங்கச்சியும் அவருக்குத் துணையாக நின்று பெண்களுக்குச் செய்து காட்டுவார்கள். ஐந்து பேர் அளவை நூறால் பெருக்கினால் ஐந்நூறு பேர் சமையல் ஆகிவிடாது என்று அவர் சொன்னார். பெரிய தேக்சாவில் ஆவியாகிற தண்ணீர் விகிதத்தில் குறைவு, அதனால் ஊற்றுகிற தண்ணீரும் குறைய வேண்டும். உப்பும் மிளகாயும் அப்படியே பெருக்கினால் தூக்கலாகிவிடும். முப்பது வருட அனுபவம் அது. தொழில் ரகசியம் போய்விடுமே அண்ணே என்று கேட்டேன். "ரிஸ்க்கு அல்லாஹ் கையில இருக்கு ஹஜ்ரத், ரகசியத்துல இல்ல" என்றார். எனக்கே பாடம் நடத்திவிட்டார்.

கடைசி நாலு வாரம் கணக்கு. இடியாப்பம் விற்கிற பெண்கள் மாவு விலை, தேங்காய் விலை பார்க்கிறார்கள். கேஸையும் தங்கள் கூலியையும் சேர்ப்பதில்லை. மாசக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று தேடுகிறார்கள். அதை எழுதப் பழக்குவோம். சிறிய அளவில் விற்பனை செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவைச் செய்து கொடுப்போம். மேலே கற்க விரும்புகிறவர்களுக்கு, வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துகிற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி எல்லாம் இலவசப் பயிற்சி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். கடலையும் வெல்லமும்தான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். அதற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாதாரணப் பொருளை ஒழுங்காகச் செய்தால் ஊர் பெயரே நிற்கும்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு ஜமாஅத் கூட்டம். அங்கே இதற்கு ஒரு முடிவு வேண்டும். முடிவு எதுவானாலும் மஷூராவுக்குக் கட்டுப்படுவேன். ஆனால் அந்தச் சகோதரியின் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வரப் போகிறது, தீப்பெட்டி ஆபீஸ் வேனும் காலை ஆறரைக்குத் தெருமுனைக்கு வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் சும்மா கிடக்கிற பெரிய சட்டி, கரண்டி, அரிவாள்மணை இருந்தாலும் கொடுக்கலாம். இந்த வாரம் அந்தச் சகோதரியின் வீட்டுக்கு என் மனைவி போவார்கள். இம்முறை சபூர் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ், எங்கள் ஊரில் எந்த வீட்டு அடுப்பும் அணையாமல் காப்பாயாக. உழைக்க நினைக்கிற கைகளுக்கு வழியைத் திறப்பாயாக. எங்கள் பெண் பிள்ளைகளின் படிப்பை வறுமை பறிக்காமல் பாதுகாப்பாயாக. சமைத்துப் போட்டே கை காய்த்துப்போன எங்கள் தாய்மார்களுக்கு ஆஃபியத்தைத் தருவாயாக, மௌத்தானவர்களின் கபுரை விசாலமாக்குவாயாக. மழைக்காகக் காத்திருக்கிற இந்தக் கரிசல் பூமிக்கு ரஹ்மத்தான மழையை இறக்குவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.